‘வெரி’ என்பது ‘ரொம்ப’ அல்ல

கேள்வி: நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 12 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும்போது எனக்குப் பெரிய பிழைகள் வருவதில்லை என்றே நினைத்திருந்தேன். அண்மையில் ஓர் அறிக்கையைப் பாராட்டி ‘வெரி எக்ஸலண்ட்’ என்று எழுதினேன். என் மேலாளர் ‘வெரி’யை அடித்துவிட்டார். ஆனால் அவரே வேறோர் இடத்தில் ‘ரியலி எக்ஸலண்ட்’ என்று எழுதுகிறார். பிரிட்டனில் இருக்கும் சக ஊழியர் ஒருவரின் வேலையை ‘குவைட் குட்’ என்று மனமாரப் பாராட்டியபோது, எங்கே குறை என்று கேட்டு அவர் பதில் எழுதினார். இன்னொருவருக்கு ‘யுவர் ரிப்போர்ட் இஸ் டூ டீட்டெய்ல்ட்’ என்று எழுதினேன். அவர் மறுநாளே அதைப் பாதியாகச் சுருக்கி அனுப்பிவிட்டார். பெயரடைக்கு முன்னால் எந்தச் சொல்லைப் போடுவது என்பதற்கு விதி ஏதும் உண்டா, அல்லது பட்டியலை மனப்பாடம் செய்வதுதான் வழியா?

பதில்: உங்களுக்கு நேர்ந்த மூன்றும் மூன்று வெவ்வேறு பிழைகளைப் போலத் தெரிந்தாலும், அவற்றின் வேர் பெரும்பாலும் ஒன்றே என்பது என் கருத்து. தமிழில் நாம் ‘ரொம்ப’ என்னும் ஒரே சொல்லை வைத்து எல்லா வேலைகளையும் முடித்துக்கொள்கிறோம். ரொம்பச் சூடு, ரொம்பப் பிடிக்கும், ரொம்பப் பேசுகிறான், இது ரொம்ப மேல், ரொம்பக் கனம் தூக்க முடியாது என்று பண்பானாலும் வினையானாலும் ஒப்பீடானாலும் மிகையானாலும் அந்தச் சொல் முகம் சுளிக்காமல் முன்னால் வந்து நிற்கிறது. எழுத்துத் தமிழின் ‘மிக’வும் ஏறக்குறைய அத்தகையதே. ‘வெரி என்றால் மிக’ என்று பள்ளியில் எழுதிக்கொண்ட நாள்முதல், ‘ரொம்ப’ சுமந்த மூட்டை முழுவதையும் ‘வெரி’யின் தலையில் ஏற்றிவிடுகிறோம். ஆங்கிலத்திலோ அந்தச் சுமை வெரி, மச், டூ, ஸோ, ஃபார், அப்ஸல்யூட்லி என்று பலரிடையே பங்கிடப்பட்டிருக்கிறது. அவற்றில் ஒன்றும் தன் பங்குக்கு மேல் ஒரு பிடியைக்கூட எளிதில் தூக்காது.

மேலாளர் அடித்த ‘வெரி’யிலிருந்து தொடங்குவோம். ஒரு பெயரடையைப் பார்த்ததும் அதனிடம் ‘எவ்வளவு?’ என்று கேட்டுப் பாருங்கள். குளிர் எவ்வளவு, பசி எவ்வளவு, களைப்பு எவ்வளவு என்றெல்லாம் கேட்க முடிகிறது. ஆகவே கோல்ட், ஹங்க்ரி, டயர்ட் ஆகியவை ஏணியின் எந்தப் படியிலும் நிற்கக்கூடிய சொற்கள். இலக்கண நூல்கள் ‘கிரேடபிள்’ என்று அழைப்பது இவற்றைத்தான். இவற்றை மேற்படிக்கு ஏற்ற ‘வெரி’யும் ‘எக்ஸ்ட்ரீம்லி’யும் இருக்கின்றன, நடுவில் நிறுத்த ‘ஃபேர்லி’ இருக்கிறது, கீழ்ப்படியில் வைக்க ‘அ பிட்’, ‘ஸ்லைட்லி’ இருக்கின்றன. ஃப்ரீஸிங், ஸ்டார்விங், எக்ஸாஸ்டட், எனார்மஸ், ஃப்யூரியஸ், எக்ஸலண்ட் ஆகியவையோ அந்த ஏணியின் உச்சிப் படியிலேயே குடியிருக்கும் சொற்கள். ‘மிக’ என்பது அவற்றின் பொருளுக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. உச்சியில் இருப்பவரை இன்னும் ஒரு படி ஏறச் சொன்னால் அவர் எங்கே போவார்?

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய நுணுக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். தமிழில் பச்சைப்பசேல், செக்கச்செவேல், கன்னங்கரேல், வெள்ளைவெளேர் என்று சொல்கிறோம் அல்லவா? ‘வயல் ரொம்பப் பச்சையாக இருக்கிறது’ என்பது இயல்பான பேச்சு. ‘வயல் ரொம்பப் பச்சைப்பசேல் என்று இருக்கிறது’ என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. நிறத்தின் மிகுதி அந்தச் சொல்லின் உடம்பிலேயே கலந்திருப்பதை, யாரும் விதி சொல்லித் தராமலே நம் காது அறிந்திருக்கிறது. ‘வெரி ஃப்ரீஸிங்’ என்பதும் ‘வெரி எக்ஸலண்ட்’ என்பதும் ஆங்கிலம் பிறப்பிலிருந்தே பேசுபவர் காதில் ‘ரொம்பப் பச்சைப்பசேல்’ போலத்தான் விழுகின்றன. புதிதாக ஒரு பெயரடையைக் கற்கும்போது அது ‘பச்சை’ இனமா ‘பச்சைப்பசேல்’ இனமா என்று மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அகராதியில் அதன் பொருள் விளக்கத்துக்குள்ளேயே ‘மிக’ என்ற சொல் வந்திருந்தால், பெரும்பாலும் அது இரண்டாம் இனத்தைச் சேர்ந்தது.

அப்படியானால் எக்ஸலண்டுக்கு முன்னால் எதையுமே போடக் கூடாதா என்றால், போடலாம். ‘அப்ஸல்யூட்லி எக்ஸலண்ட்’, ‘அப்ஸல்யூட்லி ஃப்யூரியஸ்’, ‘டோட்டலி எக்ஸாஸ்டட்’ ஆகியவை இயல்பான வழக்குகள். இங்கே அப்ஸல்யூட்லி அளவைக் கூட்டவில்லை. ‘இந்தச் சொல்லை நான் தெரிந்தே, குறைவின்றிச் சொல்கிறேன்’ என்று முத்திரை குத்துகிறது. அதனால்தான் ஏணிச் சொற்களோடு அது ஒட்டுவதில்லை. ‘அப்ஸல்யூட்லி டயர்ட்’, ‘அப்ஸல்யூட்லி கோல்ட்’ என்றால் புரியும், ஆனால் நெருடும்.

உங்கள் மேலாளரின் ‘ரியலி எக்ஸலண்ட்’ சரியானதே. ரியலி என்பதன் அடிப்பொருள் ‘உண்மையாகவே’ என்பது. உண்மை என்று உறுதி கூறுவதற்குப் படி உள்ள சொல், படி இல்லாத சொல் என்ற வேறுபாடு தேவையில்லை ஆதலால், ரியலி கோல்ட், ரியலி ஃப்ரீஸிங் இரண்டும் செல்லும். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ‘வெரி’யும் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘உண்மையான’ என்ற பொருளையே கொண்டிருந்தது. ‘அதே நாள்தான்’ என்று அழுத்தும் ‘தட் வெரி டே’ என்ற தொடரில் அதன் சாயல் இன்றும் மிஞ்சியிருக்கிறது. உறுதி கூற வந்த சொல் காலப்போக்கில் தேய்ந்து அளவு கூறும் சொல்லாகிவிட்டது. ரியலியும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. அச்சத்தைக் குறித்த ‘டெரிபிலி’, ‘ஆஃபுலி’ ஆகியவை வெறும் மிகுதிச் சொற்களாக மாறியதும் இவ்வாறே. ‘பயங்கர சந்தோஷம்’ என்று நாம் பேசுவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. ஆனால் அலுவலகக் கடிதத்தில் ரியலி சற்றே பேச்சுவழக்கின் வாடை வீசும் சொல் என்பதால், முறையான அறிக்கைகளில் நான் அதைத் தவிர்க்கவே சொல்வேன்.

மூன்றாவது இனம் ஒன்று உண்டு. டெட், எம்ப்டி, ஃபுல், இம்பாஸிபிள், ஐடென்டிகல் போன்றவை ‘எவ்வளவு?’ என்ற கேள்விக்கு அல்லாமல் ‘ஆயிற்றா, இல்லையா?’ என்ற கேள்விக்கு விடை தருபவை. இவற்றைக் கண்டுகொள்ள நம் ‘கிட்டத்தட்ட’ என்ற சொல் நல்ல உரைகல். ‘பாத்திரம் கிட்டத்தட்டக் காலி’ என்கிறோம். ‘பையன் கிட்டத்தட்ட உயரம்’ என்று சொல்வதில்லை. காலி என்பதற்கு ஓர் எல்லைக்கோடு இருப்பதால் அதன் அருகில் நிற்க முடிகிறது. உயரத்துக்கு அப்படிப்பட்ட கோடு கிடையாது. ஆங்கிலத்திலும் ஆல்மோஸ்ட், நியர்லி, கம்ப்ளீட்லி ஆகியவை எல்லைக்கோடு உள்ள சொற்களையே தேடிப் போகின்றன: ஆல்மோஸ்ட் எம்ப்டி, நியர்லி ஃபுல், கம்ப்ளீட்லி ஐடென்டிகல். இதில் எனக்கு மிகவும் பிடித்த இணை ‘வெட்’, ‘ட்ரை’. ஒரு துணி ஈரமாக ஒரு துளி நீர் போதும். உலர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் ஒரு துளியும் இருக்கக் கூடாது. ஆகவே ‘ஸ்லைட்லி வெட்’ என்பதும் ‘கம்ப்ளீட்லி ட்ரை’ என்பதும் நாவில் தாமாகவே வருகின்றன. டர்ட்டி, க்ளீன் என்ற இணையும் இதே கணக்கில் இயங்குகிறது. ஸ்லைட்லி டேமேஜ்ட் என்று பார்சல்களைப் பற்றி எழுதுவதும் இதனால்தான்.

‘யுனீக்’, ‘பர்ஃபெக்ட்’ ஆகியவற்றைப் பற்றி ஆங்கிலேயரிடையிலேயே வழக்கு ஓயவில்லை. ஒன்றே ஒன்றுதான் என்று பொருள்படும் யுனீக்குக்கு ‘வெரி’ எதற்கு என்று கண்டிப்பானவர்கள் கேட்கிறார்கள். மக்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ‘வெரி யுனீக்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையே ‘மோர் பர்ஃபெக்ட் யூனியன்’ ஒன்றை அமைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது என்பதால், கண்டிப்பானவர்களின் வாதம் முழு வெற்றி பெற்றதாகச் சொல்ல முடியாது. ஆயினும் நாம் இரண்டாம் மொழியாக ஆங்கிலம் எழுதுபவர்கள். அவர்கள் செய்தால் நடை என்றும் நாம் செய்தால் பிழை என்றும் கொள்ளப்படும் இடங்கள் உண்டு. ‘ஆல்மோஸ்ட் யுனீக்’ என்று எழுதிவிட்டால் யாரும் குறைகூற மாட்டார்கள்.

ஆனுவல், டிஜிட்டல், மெடிகல் போன்று வகையை மட்டும் சுட்டும் பெயரடைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘வெரி ஆனுவல்’ என்று யாரும் எழுதுவதில்லை.

அடுத்து, பாதியாகச் சுருங்கிய அறிக்கைக்கு வருகிறேன். மூன்றில் இதுவே மிகவும் விலை கொடுக்க வைக்கும் பிழை. ‘ரொம்பக் கனம்’ என்று மட்டும் நாம் சொன்னால், பெட்டி கனமானது என்பதோடு செய்தி முடிகிறது. ‘ரொம்பக் கனம், தூக்க முடியாது’ என்றால், கனம் தேவைக்கு மேல் போய்விட்டது என்ற பொருள் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பொருளைத் தருவது ‘தூக்க முடியாது’ என்ற பின்பகுதிதான், ‘ரொம்ப’ அல்ல. ஆங்கிலத்தில் அந்தப் பின்பகுதி ‘டூ’வுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ‘வெரி ஹெவி’ என்ற பெட்டியைச் சிரமப்பட்டுத் தூக்கிவிடலாம். ‘டூ ஹெவி’ என்ற பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே ‘டூ டீட்டெய்ல்ட்’ என்று நீங்கள் எழுதியதை, ‘விவரம் அளவுக்கு மீறிவிட்டது, குறைக்கவும்’ என்று அவர் படித்துக்கொண்டதில் எந்தத் தவறும் இல்லை. நல்ல ஊழியர் என்பதால் சொல்லாமலே குறைத்தும் விட்டார்.

நம் நாட்டு ஆங்கிலத்தில் ‘டூ குட்’ என்பது பாராட்டாகவே புழங்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. நமக்குள் பேசும்போது அதனால் குழப்பம் வருவதும் இல்லை. வெளியாருக்கு எழுதும்போது மட்டும் ஒரு சோதனையைச் செய்யுங்கள்: டூ வரும் இடத்தில் ‘அளவுக்கு மீறி’ என்று மனத்துக்குள் வைத்துப் படியுங்கள். ‘உங்கள் மகள் அளவுக்கு மீறி அழகாக இருக்கிறாள்’ என்று தோன்றினால், உடனே வெரியாகவோ ஸோவாகவோ மாற்றிவிடுங்கள். விதிவிலக்கு என்று நினைவில் வைக்கத்தக்கது ‘ஒன்லி டூ ஹேப்பி டு ஹெல்ப்’ என்னும் மரபுத்தொடர். உதவ மிக்க மகிழ்ச்சி என்பதே அதன் பொருள். டூவின் எதிரியான ‘எனஃப்’ மட்டும் பெயரடைக்குப் பின்னால் வரும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ‘குட் எனஃப்’ என்பதே சரி, ‘எனஃப் குட்’ என்பது இல்லை.

‘குவைட்’ விஷயத்தில் குற்றம் முழுவதும் உங்களுடையது அல்ல, அந்தச் சொல்லுடையதும்தான். ‘முற்றிலும்’ என்பதே அதன் பழைய பொருள். எல்லைக்கோடு உள்ள சொற்களோடும் உச்சிச் சொற்களோடும் சேரும்போது அது இன்றும் அப்பொருளையே தருகிறது. குவைட் இம்பாஸிபிள் என்றால் முற்றிலும் முடியாதது. குவைட் ரைட் என்றால் முழுக்கச் சரி. ஏணிச் சொற்களோடு சேரும்போது பிரிட்டனில் அது ‘ஓரளவு’ என்று இறங்கிவிடுகிறது. அமெரிக்காவிலோ ‘குவைட் குட்’ பெரும்பாலும் வெரி குட்டை ஒட்டியே நிற்கும். ஆகவே உங்கள் வாக்கியத்தை அமெரிக்கர் ஒருவர் பெற்றிருந்தால் மகிழ்ந்திருக்கவும் கூடும். பிரிட்டனில் இருப்பவர் அதை நம் ‘பரவாயில்லை’ போல வாங்கிக்கொண்டார். பரவாயில்லை என்பது பாராட்டா குறையா என்பதைச் சொல்பவரின் குரல்தானே தீர்மானிக்கிறது? குவைட்டும் அப்படித்தான், குரல் இல்லாத மின்னஞ்சலில் அதைப் பாராட்டுக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. ‘நாட் குவைட்’ என்பது மட்டும் எங்கும் ஒரே பொருளைத் தரும்: இன்னும் முழுமையாகவில்லை.

ஃபேர்லி, ராதர் என்ற இரண்டும் நடுப்படிச் சொற்களே. ஆனால் சொல்பவரின் மனநிலையை அவை காட்டிக்கொடுத்துவிடும். அறை ‘ஃபேர்லி வார்ம்’ என்றால் இதமாக இருக்கிறது. ‘ராதர் வார்ம்’ என்றால் யாராவது ஜன்னலைத் திறந்தால் தேவலை என்று பொருள். ராதரோடு நல்ல பண்பைச் சேர்த்து ‘ராதர் குட்’ என்றால் ‘எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறதே’ என்ற வியப்பு அதில் தொனிக்கும். ‘அ பிட்’, ‘ஸ்லைட்லி’ ஆகியவையும் பெரும்பாலும் வேண்டாத பண்புகளோடு மட்டுமே உறவு கொள்பவை. ‘அ பிட் லேட்’ உண்டு. ‘அ பிட் பங்க்சுவல்’ கிடையாது. ஆனால் ஒப்பீட்டில் இந்தத் தடை தளர்ந்து ‘அ பிட் பெட்டர்’ என்பது இயல்பாகிவிடுகிறது. ‘நாட் வெரி குட்’ என்பதை மட்டும் நாம் கற்கவே வேண்டியதில்லை. ‘அவ்வளவு நன்றாக இல்லை’ என்று நாகரிகமாகச் சொல்லி ‘மோசம்’ என்பதை உணர்த்தும் கலை நமக்கும் கைவந்ததே.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் ‘ரொம்ப’வின் கைவரிசை அங்கும் இருக்கிறது. ‘இது ரொம்ப மேல்’ என்ற நினைப்பில் ‘வெரி பெட்டர்’ என்று எழுதுபவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஒப்பீட்டு வடிவத்தை வெரி தொடாது. அங்கே மச், ஃபார், அ லாட் ஆகியவற்றுக்கே இடம்: மச் பெட்டர், ஃபார் சீப்பர். வினையையும் அது தொடாது. ‘ஐ வெரி லைக் இட்’ என்பதற்கு வழியில்லை, ‘ஐ லைக் இட் வெரி மச்’ என்று மச்சின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியில்தான் வர வேண்டும். வினையிலிருந்து பிறந்த பெயரடைகள் இடைப்பட்டவை. டயர்ட், இன்ட்ரஸ்டட் போன்றவை முழுப் பெயரடைகளாகவே மாறிவிட்டதால் வெரியை ஏற்கின்றன. இம்ப்ரூவ்ட், அப்ரீஷியேட்டட் ஆகியவற்றில் வினையின் உயிர் இன்னும் துடிப்பதால் மச் அல்லது க்ரேட்லி தேவைப்படுகிறது. உங்கள் கடிதங்களின் இறுதியில் ‘வெரி அப்ரீஷியேட்டட்’ என்று எழுதும் வழக்கம் இருந்தால், அதை ‘மச் அப்ரீஷியேட்டட்’ என்று திருத்திக்கொள்ளுங்கள்.

விதி, மனப்பாடம் இரண்டில் எது என்று கேட்டிருந்தீர்கள். இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி விதிக்குள் அடங்கும். ஒரு சிறுபகுதி எந்த விதிக்கும் கட்டுப்படாது. பட்டப்பகல், நட்டநடு, கும்மிருட்டு, புத்தம்புதிய, தன்னந்தனி என்று சொல்கிறோம். பகலுக்குப் பட்டம் கட்டிய நாம் இரவுக்கு ஏன் கட்டவில்லை என்று கேட்டால் விடை இல்லை. பழைய இலக்கணம் மிகுதிப் பொருளுக்குச் சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறு உரிச்சொற்களை அடுக்கிக் காட்டினாலும், ‘சாலச் சிறந்தது’ என்று சொல்லும் இடத்தில் ‘கழிச் சிறந்தது’ என்று நாம் சொல்வதில்லை. ‘கழி’ பேருவகைக்கு முன்னால் வந்தால்தான் அழகு. ஆங்கிலத்திலும் வைட் அவேக், ஃபாஸ்ட் அஸ்லீப், பிராண்ட் நியூ, பிட்ச் டார்க் ஆகியவை இப்படிப் பிறந்த சேர்க்கைகளே. ஹைலி குவாலிஃபைட், டீப்லி க்ரேட்ஃபுல், பிட்டர்லி டிஸப்பாயின்டட், ஃபுல்லி அவேர் என்பவற்றையும் அந்த வரிசையில் சேர்க்கலாம். இவற்றைத் தனித்தனிச் சொற்களாகப் பிரித்துக் கற்காமல் ஒட்டிய வடிவிலேயே, படிக்கும் இடத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அட்டர்லி என்ற சொல் பெரும்பாலும் ரிடிக்யுலஸ், எக்ஸாஸ்டட் போன்ற கசப்பான சொற்களோடு வருவதைச் சில கட்டுரைகளைப் படித்தாலே நீங்கள் கண்டுகொள்வீர்கள். எந்தப் பட்டியலும் அதை அவ்வளவு ஆழமாகப் பதிய வைக்காது.

பல ஆண்டுகள் பிறர் எழுத்தைத் திருத்தியவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. அலுவலகக் கடிதங்களில் நான் நீக்கிய அளவுச் சொற்களோடு ஒப்பிட்டால், நான் மாற்றிப் போட்டவை மிகக் குறைவு. ‘வெரி லேட்’ என்பதைவிட ‘மூன்று நாள் தாமதம்’ என்பது பெறுபவருக்கு அதிகம் சொல்கிறது. ‘எக்ஸ்ட்ரீம்லி அர்ஜன்ட்’ என்று வாரத்துக்கு ஐந்து கடிதம் எழுதுபவரின் ஆறாவது கடிதத்தை யாரும் அவசரமாகத் திறப்பதில்லை.

உங்கள் மூன்று வாக்கியங்களையும் இப்போதே திருத்தி வைத்துக்கொள்ளலாம். முதல் அறிக்கைக்கு ‘எக்ஸலண்ட்’ என்ற ஒற்றைச் சொல்லே போதும். மனம் நிறையவில்லை என்றால் ‘அப்ஸல்யூட்லி எக்ஸலண்ட்’ என்று எழுதுங்கள். பிரிட்டனில் இருப்பவருக்கு ‘வெரி குட்’ என்று எழுதி, எந்தப் பகுதி உங்களுக்குப் பிடித்தது என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். மூன்றாமவருக்கு ‘வெரி டீட்டெய்ல்ட்’ என்று எழுதுவதோடு, சுருக்குவதற்கு முந்தைய பிரதியை அவர் இன்னும் வைத்திருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள்.